கவனிக்காமல் இருந்த கோடை

மார்ச் 4

ஒரு வக்கீல் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. இதுவரை காஸ் சிலிண்டர் வந்த தேதிகள் மட்டும் இதில் இருக்கின்றன. இனிமேல் வேறு விஷயமும் எழுத வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

மகள் மதியின் வகுப்பாசிரியை வரச் சொல்லியிருந்தார். தாராபுரம் நீதிமன்றத்தில் நான் பெஞ்ச் கிளார்க். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட வைப்பதும், வாய்தா தேதி சொல்லி அனுப்புவதும் என் வேலை. இன்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். உட்காரச் சொன்னார்கள். நாற்காலி ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கானது.

“சார், நிறைமதி என்னைப் பாத்துக் கண்ணடிக்கறா.”

“எப்பங்க?”

“எப்பவும்தான். பாடம் நடத்தறப்ப, ப்ரேயர்ல. நேத்து எச்.எம். சாரைப் பாத்தும்.”

“ஒரு கண்ணுங்களா, ரெண்டுங்களா?”

ஆசிரியை யோசித்தார். “ரெண்டும்.”

“ரெண்டையும் மூடித் திறந்தா அது சிமிட்டறதுங்களே.”

இந்த நுணுக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை. “வீட்ல யாரைப் பாத்துக் கத்துக்கிட்டா?” என்றார். வீட்டில் பார்ப்பதற்கு நான் ஒருவன்தான் இருக்கிறேன். மதியின் அம்மா சுகந்தி காய்ச்சலில் போய், வருகிற ஆடியோடு இரண்டு வருடம். அது பள்ளி ரெக்கார்டில் ஏற்கெனவே இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மார்ச் 9

கண் மருத்துவர் கண்ணில் குறையில்லை என்றார். மற்றவர்கள் அவ்வளவு சுலபமாக விடவில்லை. எங்கள் கோர்ட் டவாலி, வயிற்றில் பூச்சி என்றார். டைப்பிஸ்ட் அம்மா, செல்போன் என்றார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற ஓவர்சியர். கட்டடத்தைப் பார்ப்பது போலக் குழந்தையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ராத்திரி எதையோ பாத்துப் பயந்திருக்குதுங்க” என்றார். இருபது வருட சர்வீசில் இவ்வளவு சீக்கிரம் யாரும் தீர்ப்புச் சொல்லி நான் பார்த்ததில்லை.

நானும் என் பங்குக்கு, “சிமிட்டாத சாமி” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவளும் முயன்றாள். கண்ணை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, நீர் வழிய, என் முன்னால் நின்றாள். சாதம் குழைந்துவிட்டது.

மார்ச் 16

கோயம்புத்தூர் போய் வந்தோம். குழந்தைகளுக்கான நரம்பு மருத்துவர், நடுவயதுப் பெண்மணி. மதியிடம் ஒரு பொம்மையைக் கொடுத்து அடுத்த அறைக்கு அனுப்பிவிட்டு என்னிடம் பேசினார்.

“இதுக்கு டிக்னு பேரு. நிறையக் குழந்தைங்களுக்கு வரும். வேணும்னு பண்றதில்ல. தும்மல் வர்ற மாதிரின்னு வெச்சுக்குங்க. வரும், போகும், வேற மாதிரி மாறும். இப்போதைக்கு மருந்து வேண்டாம்.”

“நான் என்னங்க பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ணாதீங்க. அதுதான் கஷ்டம். திருத்தாதீங்க, திட்டாதீங்க, பாத்த மாதிரியே காட்டிக்காதீங்க.”

“எவ்வளவு நாளைக்குங்க?”

“அது போற வரைக்கும்.”

“போகலீன்னா?”

“அப்பவும்தான்.”

தேதி குறிக்காத வாய்தா. எழுந்து வரும்போது மருத்துவர், “உங்களால வந்ததில்ல சார்” என்றார். நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வது சாட்சிக் கூண்டில் அனுமதிக்கப்படுவதில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 18

இன்று நான் கவனிக்கவே இல்லை. காலையில் குறைவு, பள்ளியிலிருந்து வந்ததும் அதிகம், சாப்பிடும்போது நடுத்தரம்.

மார்ச் 23

கவனிக்காமல் இருப்பதற்கு ஏற்பாடுகள் தேவைப்படுகின்றன. செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொள்கிறேன். தலையங்கத்தை இந்த வாரம் நான் படித்த அளவுக்கு எழுதியவர்கூடப் படித்திருக்க மாட்டார். காலையில் சடை பின்னும் நேரம் நல்ல நேரம். அவளுக்குப் பின்னால் நிற்பதால் முகம் தெரியாது. ஆனால் ஒவ்வொரு சிமிட்டலுக்கும் தலை இம்மி அசைகிறது, அது பின்னல் வழியாகக் கைக்கு வந்துவிடுகிறது. கைகளைக் கவனிக்காமல் இருக்கச் சொல்ல ஒரு வழியும் இல்லை.

“அப்பா, கோணலா பின்றீங்க.”

“இது இப்பத்த ஸ்டைல் சாமி.”

“இல்ல. கோணல்.”

ஏப்ரல் 1

சிமிட்டல் நின்றுவிட்டது. நேற்று முழுவதும் இல்லை, இன்றும் இல்லை. காரணம் சொல்லாமல் கேசரி கிளறினேன். “யாருக்குப் பொறந்த நாளு?” என்றாள். முட்டாள்கள் தினம் என்றேன்.

ஏப்ரல் 3

கேசரி மிச்சம் இருக்கும்போதே புதிது வந்துவிட்டது. இது கண்ணில் இல்லை, நாக்கில். நாக்கை மேல்வாயில் ஒட்டி இழுத்து விடுகிறாள். ‘ட்சு, ட்சு, ட்சு’ என்று மூன்றாகவோ நான்காகவோ வருகிறது, பிறகு ஓர் இடைவெளி. செய்தித்தாளால் சத்தத்தை மறைக்க முடியாது. வானொலி வைத்தேன்.

ஏப்ரல் 10

ஆண்டுத் தேர்வு. மதிக்குத் தமிழ், கணக்கு, படம் வரைதல். வீட்டில் எந்த அறையில் இருக்கிறாள் என்று தேடிப் போக வேண்டியதில்லை, சத்தம் சொல்லிவிடும். நான் சமையலறையிலிருந்து, “என்ன சாமி பண்றே?” என்று கேட்பதையே விட்டுவிட்டேன். கேட்டால்தான் இரண்டு வார்த்தை பேசுவாள். அதையும் விட்டுவிட்டேன் என்பதை இப்போது எழுதும்போதுதான் பார்க்கிறேன். நாளை கேட்க வேண்டும்.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. பெருந்துறையிலிருந்து பூங்கோதை அக்கா வந்தாள். எனக்கு ஒரே அக்கா. மச்சானுக்கு விசைத்தறி. பெரிய வீடு, அதில் இருவர். குழந்தை இல்லை. அது பற்றிக் கல்யாணமான புதிதில் ஊர் முழுக்க அவளிடம் கேட்டது, பிறகு ஊருக்கே சலித்துவிட்டது.

மதிக்குப் பாவாடை சட்டை, எனக்கு வேட்டி, ஒரு தூக்குப்போசி நிறையப் பாயசம். மதியின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“கண்ணு சிமிட்டறான்னு போன்ல சொன்னே. ஒண்ணையுங் காணமே?”

“அது போயிருச்சுக்கா.”

“நான் வந்தேன், போயிருச்சு பாத்தியா” என்றாள். அதன் பெருமையை அவளே எடுத்துக்கொண்டதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

சாப்பிட்ட பிறகு மதி சாமி அறைக்குள் உட்கார்ந்து புதுப் படப் புத்தகத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். அக்கா குரலைத் தாழ்த்தினாள். தாழ்ந்த குரலே அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

“தம்பி, நான் கோவிச்சுக்கற மாதிரி பதில் சொல்லக் கூடாது. புள்ளையை நானு கூட்டிட்டுப் போறேன். லீவுக்கு வரட்டும். புடிச்சுப் போச்சுன்னா ஜூன் மாசம் அங்கியே பள்ளிக்கூடத்துல சேத்தறலாம். நீ டீசி வாங்கிக் குடு. பொட்டப் புள்ள, நீ கோர்ட்டுக்குப் போயிட்டு வந்து எப்பத் தலை வாரி, எப்பச் சோறாக்கி…”

“ஆக்கறேனேக்கா.”

“ஆக்கறே. சடையப் பாத்தனே. நாய் கடிச்சாப்ல இருக்குது.”

“யோசிக்கலாம்.”

“என்னத்த யோசிக்கறது? எங்கூட்ல வந்து இருந்தா அவ நல்லா இருப்பாளா மாட்டாளா, நீயே சொல்லு.”

சாமி அறையிலிருந்து: ட்சு, ட்சு, ட்சு.

அக்கா சட்டென்று நிமிர்ந்தாள். கை தானாகத் தரைக்குப் போயிற்று. ஆள்காட்டி விரலால் மூன்று முறை தட்டினாள். “பாத்தியா! கவுளி சொல்லிருச்சு. வருசப் பொறப்பு நாளு, சாமி ரூம்புல இருந்து சொல்லுது.”

பேச்சின் நடுவே பல்லி ஒலித்தால் பேசியது நடக்கும் என்பது எங்கள் வீட்டில் என் அப்பா காலத்திலிருந்து மேல்முறையீடு இல்லாத விஷயம். எங்கள் நிலத்தை விற்றதே அப்படித்தான். அக்காவின் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்தாள்.

அது பல்லி இல்லை, உன் மருமகள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் எட்டடி தூரத்தில் இருப்பவள் காதில் விழும். பார்த்த மாதிரியே காட்டிக்கொள்ளக் கூடாது என்பது உத்தரவு. உத்தரவை மீறாமல் உண்மையைச் சொல்ல வழி தேடிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும்: ட்சு, ட்சு.

“ரெண்டாந்தரமும் சொல்லுது” என்றாள் அக்கா. அழுதாள். அவளை நான் அம்மா போனபோது அழுது பார்த்தது, அதற்கப்புறம் இதுதான்.

“சரிக்கா” என்றேன்.

எதிர்த்தரப்பு சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவில்லை என்று குறித்துக்கொள்ளலாம்.

ஏப்ரல் 28

மதியைக் கூட்டிப் போக அக்கா வந்தாள். பேருந்து நிலையத்தில் இருவரையும் வழியனுப்பினேன். மதி படப் புத்தகம் வாங்கப் போன நேரம் பார்த்து அக்காவிடம் சொன்னேன்: “நாக்குல ஒரு சத்தம் வரும். டாக்டர் கண்டுக்க வேண்டாம்னிருக்காங்க.” எங்கே கேட்ட சத்தம் என்று அவள் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. “அதெல்லாம் நாம் பாத்துக்கறேன்” என்றாள்.

மதி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, “அப்பா, செடிக்குத் தண்ணி ஊத்துங்க” என்றாள். பிறகு, “உங்களுக்கு யாரு தலை வாருவா?” என்றாள். எனக்கு முடி கொஞ்சம்தான் இருக்கிறது என்பதை அவளே கவனித்து, “சரி, தேவையில்ல” என்று முடித்தாள்.

மே 2

நீதிமன்றத்துக்குக் கோடை விடுமுறை. துளசிக்குத் தண்ணீர் ஊற்றினேன்.

மே 3

துளசிக்கு இரண்டு வேளை ஊற்றினேன்.

மே 5

குடையை அலுவலகத்தில் வைத்துவிட்டதாக ஞாபகம். போனேன். காவலாளி, “இந்த வெயில்ல கொடைக்கா சார் வந்தீங்க?” என்றார். வெயிலுக்கும் குடை பிடிக்கலாம் என்றேன். அங்கே இல்லை, வீட்டில் கதவுக்குப் பின்னால் இருந்தது. அது எனக்குத் தெரியும் என்று யாராவது சொன்னால் மறுப்பேன்.

வராந்தாவில் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் முதல் முறை. மிகவும் அசௌகரியமான பெஞ்ச். இதில் உட்கார வைத்துத்தான் ஜனங்களை ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறேன்.

மே 7

போன் வந்தது. அக்காவின் குரலில் வெற்றி.

“ஒரு சத்தமும் இல்ல தம்பி! வந்து நாலு நாள் இருந்துச்சு. ‘நல்ல புள்ளைக இப்படிப் பண்ணாதுக அம்மிணி’ன்னு பதமாச் சொன்னேன். அடிக்கல, வைய்யல. பண்ணாம இருந்தா ‘எந்தங்கம்’னு ஒரு முத்தம். அவ்வளவுதான். சுத்தமா நின்னுபோச்சு. உங்க கோயம்புத்தூர் டாக்டரம்மாகிட்டச் சொல்லு.”

மதியிடம் கொடுத்தாள். “நல்லா இருக்கேன்பா” என்றாள். அந்தச் சத்தத்தை எதிர்பார்த்தேன். எதுவும் வரவில்லை. அமைதியான மூச்சு.

நல்ல செய்தி. மகிழ்ச்சியான செய்தி. மாலையில் வானொலியை வைத்தேன், எதையும் மறைக்க வேண்டியதில்லை என்று நினைவு வந்து அணைத்தேன், பிறகு மறுபடி வைத்தேன்.

மே 10

போன். எல்லாம் நலம். “ஒண்ணு மட்டும்தான், அடிக்கடி பாத்ரூம் போறா” என்றாள் அக்கா. கொளுத்தும் வெயிலில் அப்படித்தான் இருக்கும். மோர் நிறையக் கொடுக்கச் சொன்னேன்.

மே 13

சிறுநீர்ப் பரிசோதனை எடுத்தார்களாம். ஒன்றும் இல்லையாம். “போனா வர்றதுக்கு நேரமாகுது. குழாயைத் திறந்து உட்டுட்டு வெளையாடறா போல. டேங்க் காலியாகுதுன்னு உங்க மச்சான் மொணங்கறாரு” என்றாள். குழந்தைகளுக்குத் தண்ணீர் என்றாலே ஓர் ஈர்ப்பு. இளநீர் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். கழுத்து வலிக்கிறது என்கிறாளாம்; தலையணை உயரமாக இருக்கலாம்.

மே 15

இன்று சும்மா உட்கார்ந்திருந்தபோது நாக்கைத் தட்டிப் பார்த்தேன். சுலபமில்லை. முன்பல்லுக்குப் பின்னால் வைத்தால் ‘ச்சு’ என்று பரிதாபப்படுவது போல வருகிறது. இன்னும் சற்று உள்ளே, மேல்வாய் குழியும் இடத்தில் வைத்து, வேகமாக இழுக்க வேண்டும். நாலைந்து முறைக்குப் பிறகு ஒன்று சரியாக வந்தது. மதிக்கு ஒன்றுகூடத் தவறியதில்லை.

வீட்டுக்காரர் படியிலிருந்து, “என்ன சார், கோழி வாங்கிட்டீங்களா?” என்றார்.

மே 16

அக்கா: பள்ளியில் பேசிவிட்டார்களாம். ஒன்றாம் வகுப்பு முடித்த சான்றும் டீசியும் போதும். திங்கட்கிழமை வாங்கி அனுப்பச் சொன்னாள்.

சாட்சியங்கள் தெளிவாக இருக்கின்றன. என்னிடம் இருந்தபோது கண் சிமிட்டினாள், நாக்கைத் தட்டினாள். அங்கே போனதும் நின்றுவிட்டது. மருத்துவர் உங்களால் வந்ததில்லை என்றார். ஆனால் மருத்துவருக்கு இந்தப் பிற்கால ஆவணங்கள் கிடைக்கவில்லை. எந்த நீதிபதியும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். டீசி கேட்டு மனு எழுதினேன். கையெழுத்து நன்றாக வந்திருக்கிறது.

மே 18

மனுவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பெருந்துறை போனேன். பள்ளி இங்கே, நான் அங்கே ஏன் போனேன் என்று கேட்டால், அவளுக்கு அளவான தலையணை கொண்டுபோனேன் என்பது பதில். சொல்லாமல் போனேன்.

மச்சான் தறிக்குப் போயிருந்தார். அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அட, வா வா! பாப்பா பாத்ரூம்ல. இப்ப வந்துருவா” என்றாள். தலையணையைப் பார்த்து, “எங்கூட்ல தலகாணி இல்லீன்னா கொண்டாந்தே?” என்றாள்.

கை கால் கழுவப் பின்கட்டுக்குப் போனேன். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே குழாய் முழு வேகத்தில் வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இன்னொரு சத்தம்.

மூன்று நான்காக இல்லை. இடைவெளி இல்லை. நாக்கு, தொண்டையில் ஒரு முனகல், மறுபடி நாக்கு. ஓடி வந்து மூச்சு வாங்குகிறவர்கள் போல. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வாளி நிறைந்து வழிந்து தண்ணீர் கதவுக்கு அடியில் வந்து என் காலை நனைத்தது. பிறகு சத்தம் மெதுவாகி நின்றது. குழாயும் நின்றது. கதவு திறந்தது. முகம் கழுவி, முடியை ஒதுக்கி, சுத்தமான அமைதியான ஒரு குழந்தை வெளியே வந்தது.

“அப்பா! எப்ப வந்தீங்க?”

“இப்பத்தான் சாமி.”

அவள் என் நனைந்த காலைப் பார்த்தாள். இருவரும் பின்கட்டுத் துவைகல்லில் உட்கார்ந்தோம். மருத்துவரின் உத்தரவை அப்போதுதான் மீறினேன்.

“உள்ள என்ன சாமி பண்ணுனே?”

“அத்தைக்கு அந்தச் சத்தம் புடிக்காதுப்பா. அழுத்தி வெச்சுக்குவேன். கழுத்தெல்லாம் வலிக்கும். ரொம்ப முட்டுனா உள்ள போயி மொத்தமாப் பண்ணிட்டு வந்துருவேன்.” ரகசியம் சொல்லும் பெருமை அவள் முகத்தில். “குழாயத் தொறந்து உட்டுட்டாக் கேக்காது.”

“நம்மூட்ல அப்படிப் போக மாட்டயே?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “நம்மூட்ல எதுக்குப்பா உள்ள போகோணும்?” என்றாள்.

அவளே தொடர்ந்தாள். “நீங்கதான் பேப்பரை மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டுப் பாக்காத மாதிரியே பாப்பீங்களே. எனக்குச் சிரிப்பா வரும்.”

அக்காவிடம் சொன்னேன். கதவு, குழாய், கூட்டிப் போகிறேன் என்பது, எல்லாம். முதலில் நம்பவில்லை.

“நல்லா இருக்கற புள்ளையை எதுக்குடா இழுத்துட்டுப் போறே? நான் அடிச்சனா? ஒரு வார்த்த வஞ்சிருப்பனா?”

“இல்லக்கா. நீ முத்தம் குடுத்தே. அது கெடைக்கோணும்னு அழுத்தி வெச்சுக்கறா.”

அக்கா ஆய்ந்த கீரையை ஆயாத கீரையோடு கலந்துகொண்டே இருந்தாள். தெரிந்து செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

“அங்க உன்ற ஊட்ல சத்தம் போடறா, இங்க போடலே. அப்ப இங்கதானே நல்லா இருக்கறா?”

“நானும் அப்படித்தான் நெனச்சேன்” என்றேன். “டீசிக்கு மனுவே எழுதிட்டேன்.”

கீரையைத் தள்ளி வைத்துவிட்டு, “முத்தம் குடுக்கறதுகூடத் தப்பாப் போச்சா?” என்றாள். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. எதிரே சுவர்தான் இருந்தது. அதற்கு என்னிடம் இருந்த பதில்கள் எல்லாம் கோர்ட்டுக்கானவை.

“லீவு லீவுக்கு வருவாக்கா. வந்தா எல்லார் முன்னாலயும் சத்தம் போடுவா. விட்டுரு. அப்பவும் முத்தம் குடு.”

மதிக்குத் தலை வாரி விட்டாள். நேராக, இறுக்கமாக, இரட்டைச் சடை. தலையணையையும் திருப்பிக் கொடுத்தாள். பேருந்து நிலையம் வரை வந்தாள். வண்டி கிளம்பும்வரை மதியின் கையை ஜன்னல் கம்பி வழியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பி நாங்கள் திரும்பிப் பார்த்தபோதும் கையைக் கீழே இறக்கவில்லை.

ஊர் எல்லை தாண்டியதும் தொடங்கிவிட்டது. ட்சு, ட்சு, ட்சு. பிறகு தொண்டை. போன கண் சிமிட்டலும் திரும்பி வந்திருந்தது. புதிதாக ஒரு தோள் குலுக்கல். முன் இருக்கை அம்மா திரும்பிப் பார்த்தார். நடத்துநர் பார்த்தார். கூடையோடு ஏறிய ஒருவர் இடம் இருந்தும் எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை. மதி ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு, தன் பாட்டுக்கு வந்தாள்.

முன் இருக்கை அம்மாவால் பொறுக்க முடியவில்லை. “ஏனுங், புள்ளைக்கு என்னுங் ஆச்சு?”

“ஒண்ணுமில்லீங். அத்தையூட்டுக்குப் போயிருந்தா. இப்ப வீட்டுக்கு வர்றா.”

“அதானே” என்றார் அந்த அம்மா. அவருக்கு அது போதுமானதாக இருந்தது. திரும்பிக்கொண்டார்.

காங்கேயத்தில் வண்டி மாறி உட்கார்ந்ததும் மதி என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். தூக்கத்தில் அது வருவதில்லை. வண்டி முழுக்க இன்ஜின் சத்தம் மட்டும்தான். தாராபுரம் வர இன்னும் நேரம் இருந்தது. எழுப்பலாமா என்று இரண்டு முறை தோன்றியது. எழுப்பவில்லை.